குறுந்தகடு எழுதிய கதை

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் துறையின் பழைய மர அலமாரியை ஒழித்துக் கொடுக்கும் வேலை என்மேல் விழுந்தது. உடைந்த நிறமாலைமானி ஒன்று, துருப்பிடித்த கம்பிச் சுருள்கள், கரையான் தொட்ட ஆய்வேடுகள். இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு பிஸ்கட் டப்பா. அதனுள் நாற்பதுக்குக் குறையாத குறுந்தகடுகள். மேலாக இருந்த ஒன்றில் நீலப் பந்துமுனைப் பேனாவால், "உடுக்கைப் பாட்டு, காங்கயம் முகாம், 2006" என்று எழுதி, அழகுக்காக அடியில் ஒரு கோடும் இழுத்திருந்தது. கையெழுத்து என்னுடையது!

படித்த கல்லூரியிலேயே ஆசிரியராக இருப்பதில் இப்படிச் சில சங்கடங்கள் உண்டு. 2006-ஆம் ஆண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காகக் காங்கயம் பக்கம் ஒரு சிற்றூருக்குப் போயிருந்தோம். அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் உடுக்கையடித்து அண்ணன்மார் கதையை இரண்டு இரவுகள் பாடினார். ஏழு மணி நேரப் பாட்டு. கேசட்டில் பதிவு செய்து, பிறகு கணிப்பொறியில் ஏற்றி, எம்.பி.3 கோப்புகளாகச் சுருக்கித் தகட்டில் எழுதினோம். அந்தப் பெரியவர் இன்று இல்லை. கேசட்டுகள் போன இடம் தெரியவில்லை. கணிப்பொறி எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. எஞ்சியிருப்பது இந்த ஒரு தகடுதான். இது இன்னும் படிக்குமா என்பதே அன்று என் கவலை.

அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குமுன் உங்களோடு பேச வேண்டியது வேறொன்று உண்டு. இந்தத் தகட்டை நாங்கள் எழுதியது லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில். கணிப்பொறியின் உறுப்புகளையெல்லாம் மேய்த்து வேலை வாங்கும் அடிப்படை நிரல்தொகுதியே இயங்குதளம் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. அன்று கடையில் தகடு எழுதும் கருவி வாங்கினால், விண்டோசுக்கான நிரல் ஒன்று பெட்டிக்குள்ளேயே வரும். லினக்சுக்கு அப்படி எதுவும் வராது. பொழுதுபோக்காகத் தொடங்கப்பட்ட ஓர் இயங்குதளம், கருவி செய்தவர்கள் திரும்பிப் பாராத நிலையிலும், தகடு எழுதக் கற்றுக்கொண்டது எவ்வாறு?

ஐந்து கிலோமீட்டர்ச் சுருள்

முதலில் தகட்டைப் பார்ப்போம். பிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்களும் கூடி வகுத்த குறுந்தகடு, 1982-இல் இசைத் தகடாக விற்பனைக்கு வந்தது. குறுக்களவு 120 மி.மீ.; கனம் 1.2 மி.மீ. உட்புறத்தில் தொடங்கி வெளிப்புறம் நோக்கி ஒரே ஒரு சுருள் பாதை செல்கிறது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரான். செய்தி அடங்கிய பகுதி 25 மி.மீ. ஆரத்திலிருந்து 58 மி.மீ. ஆரம் வரை. இந்த வளையத்தின் பரப்பை 1.6 மைக்ரானால் வகுத்துப் பாருங்கள். சுருளின் நீளம் சுமார் 5.4 கி.மீ. என்று வரும். காந்திபுரத்திலிருந்து பீளமேடு வரை ஏறக்குறைய இவ்வளவு தூரம்தான். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடக்கிறோம்!

பாதை நெடுகிலும் நுண்ணிய குழிகள். மிகச் சிறிய குழியின் நீளம் 0.83 மைக்ரான், ஆழம் ஏறத்தாழ 0.12 மைக்ரான். இந்த ஆழம் ஏன் என்று கேட்க வேண்டும். படிக்கும் லேசர் ஒளியின் அலைநீளம் காற்றில் 780 நானோமீட்டர். தகட்டின் பாலிகார்பனேட்டின் விலகல் எண் 1.55. ஆகவே தகட்டினுள் அலைநீளம் சுமார் 500 நானோமீட்டராகச் சுருங்கும். அதில் நான்கில் ஒரு பங்கே குழியின் ஆழம். குழியின் அடியில் பட்டுத் திரும்பும் ஒளிக்கும், பக்கத்துச் சமதளத்தில் பட்டுத் திரும்பும் ஒளிக்கும் அரை அலைநீள வேறுபாடு ஏற்பட்டு, இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. அங்கே இருள். நியூட்டன் வளையச் சோதனை செய்தவர்களுக்கு இது புதிதன்று.

நம் பஞ்சாலைகளில் கோன் சுற்றும் இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். நூல் ஓடும் வேகம் மாறுவதில்லை; கோன் பருக்கப் பருக்க அது சுழலும் வேகம் குறைந்துகொண்டே வரும். குறுந்தகடும் அப்படியே. இசைத் தகட்டில் பாதை லேசருக்கு மேலே வினாடிக்கு 1.2 முதல் 1.4 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். அதற்காக உட்புறத்தில் நிமிடத்துக்கு 500 சுற்று சுழலும் தகடு, விளிம்பை நெருங்கும்போது 200 சுற்றாக அடங்கிவிடுகிறது.

ஆலையில் அச்சிடப்பட்ட தகட்டுக்குத்தான் இந்தக் குழிகள் எல்லாம். நாம் எழுதும் தகட்டில் இத்தகைய குழிகளுக்குப் பதிலாக இருப்பது ஒரு சாயப் படலம். 1988-இல் ஜப்பானின் தையோ யூதென் நிறுவனம் இதைக் கொண்டுவந்தது. எழுதும் லேசர், படிக்கும் லேசரைப் போலப் பல மடங்கு ஆற்றலுடன் சாயத்தின்மேல் விழுந்து அதைச் சுட்டுவிடுகிறது. சுட்ட இடத்தில் ஒளி மங்கலாகத் திரும்பும். படிக்கும் கருவிக்கு அதுவே குழி. சாயம் என்றதும் திருப்பூர் நினைவுக்கு வருகிறதா? வரட்டும். தகடுகளில் பூசிய தாலோசயனின் என்ற சாயக் குடும்பத்தின் உறவினர்தாம் துணிகளுக்கு மயில்நீல நிறம் கொடுப்பவை.

வீட்டில் எழுதாத வெற்றுத் தகடு ஒன்று கிடந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். சிவப்பு லேசர் பேனாவின் ஒளியை அதன்மேல் செங்குத்தாகப் படவிடுங்கள். கதிர் நேராகத் திரும்புவதோடு, இருபுறமும் சுமார் 24 பாகை கோணத்தில் இரண்டு புள்ளிகள் தெறிக்கும். 650 நானோமீட்டரை 1600 நானோமீட்டரால் வகுத்தால் கிடைப்பது அந்தக் கோணத்தின் சைன் மதிப்பு. எதுவும் எழுதாத தகட்டில் விளிம்பு விளைவு எங்கிருந்து வந்தது? ஆலையிலேயே சுருள் வாய்க்கால் வெட்டித்தான் தகட்டை அனுப்புகிறார்கள். எழுதும் லேசருக்கு வழிகாட்டுவது அதுதான். அந்த வாய்க்காலும் நேராக ஓடுவதில்லை. வினாடிக்கு 22,050 முறை மிக நுண்மையாக நெளிகிறது. அந்த நெளிவிலிருந்துதான் கருவி தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்கிறது.

நடுவில் நிறுத்தக் கூடாது

கிணற்று மோட்டார் தொட்டியை நிரப்புகிறது. தொட்டியிலிருந்து வாய்க்காலுக்கு ஒரே சீராகத் தண்ணீர் பாய்கிறது. மோட்டார் சற்று நின்றாலும் தொட்டியில் தண்ணீர் உள்ளவரை பாத்தி காயாது. தகடு எழுதும் கருவியிலும் இப்படி ஒரு தொட்டி உண்டு. அதற்கு இடைநினைவகம் என்று பெயர். இரண்டு மெகாபைட் தொட்டி ஒரு நல்ல கருவியில் இருக்கும். நான்கு மடங்கு வேகத்தில் எழுதினால் வினாடிக்கு 600 கிலோபைட் தீரும். ஆக, தொட்டி முழுதும் காலியாக மூன்று வினாடிக்குச் சற்று மேல். அதற்குள் கணிப்பொறி வேறு வேலையில் மூழ்கிவிட்டால் லேசருக்கு எழுத எதுவும் இராது. தகடோ சுழன்றுகொண்டே இருக்கும். விட்ட இடத்தில் மறுபடி தொட்டுத் தொடர அக்காலக் கருவிகளால் முடியாது. தகடு குப்பைக்குத்தான். 2000-இல் சான்யோ நிறுவனம், நின்ற இடத்தை நினைவு வைத்துத் தொடரும் முறையைக் கருவிக்குள்ளேயே அமைத்த பிறகு இந்தத் தொல்லை ஓய்ந்தது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருந்தது அதற்கு முந்தைய கருவி. ஒரு தகடு எழுத 18 நிமிடம். அந்த 18 நிமிடமும் சுட்டியைத் தொடக்கூட அஞ்சி, கைகட்டி உட்கார்ந்திருப்போம். 2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டு உங்களுக்கு நினைவிருக்கும்; கோவையில் மோட்டார் பட்டறைகளும் வார்ப்பாலைகளும் பட்ட பாடு சொல்லி மாளாது. எந்தப் பகுதிக்கு எத்தனை மணிக்கு வெட்டு என்று கேட்டு வைத்துக்கொண்டுதான் தகடு எழுத உட்காருவது வழக்கம். அறிவித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகக் கரண்ட் போனால் சான்யோவாலும் காப்பாற்ற முடியாது.

ஆளுக்கொரு கட்டளை

இனி நம் கேள்விக்கு வருவோம். 1991-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் ஒரு சிறிய இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக அறிவித்தார். இது வெறும் பொழுதுபோக்கு, பெரிதாக வளராது என்பது அவர் சொன்னதன் சாரம். 1993-இல் எரிக் யங்டேல் என்பவர், கோப்புகளையெல்லாம் குறுந்தகட்டுக்குரிய வடிவில் ஒரே பெருங்கோப்பாக அடுக்கித் தரும் நிரலை லினக்சுக்காக எழுதினார். எம்.கே.ஐ.எஸ்.ஓ.எப்.எஸ். என்பது அதன் பெயர். வாயில் நுழையாது; ஆனாலும் அந்த நாள் மாணவர்கள் உறக்கத்திலும் சொல்வார்கள்.

அடுக்கியாயிற்று, எழுதுவது யார்? இங்கேதான் முட்டுக்கட்டை. எழுதும் கருவிகள் ஸ்கஸி என்ற இணைப்பில் பேசின. படிப்பதற்கான கட்டளைகள் எல்லாக் கருவிக்கும் பொது. எழுதுவதற்கான கட்டளைகளோ பிலிப்சுக்கு ஒரு விதம், யமகாவுக்கு ஒரு விதம், சோனிக்கு இன்னொரு விதம். பொதுவான கட்டளைத் தொகுதி 1997-இல்தான் வகுக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1996-இல், பெர்லினைச் சேர்ந்த யோர்க் ஷில்லிங் தமது சி.டி.ரெக்கார்ட் என்ற நிரலை வெளியிட்டார். முதலில் சன் நிறுவனத்தின் இயங்குதளத்துக்காக எழுதப்பட்டது. விரைவில் லினக்சுக்கு வந்தது. கருவிக்குக் கருவி வேறுபடும் கட்டளைகளைத் தனித்தனிப் பகுதிகளாக எழுதிச் சேர்த்துக்கொண்டே போனார். தொட்டிக்கு முன்னால் இன்னொரு தொட்டியையும் கட்டினார். கணிப்பொறியின் நினைவகத்தில் நான்கு மெகாபைட் ஒதுக்கி, ஒரு செயல் அதை நிரப்ப, மற்றொரு செயல் அதிலிருந்து எடுத்துக் கருவிக்குக் கொடுக்கும். எங்கள் பழைய கருவியில் பாதித் தகடுகளாவது பிழைத்தது இதனால்தான்.

அவர் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. கட்டளை என்ன என்பதையும், அதை எந்த வழியாகக் கருவிக்கு அனுப்புவது என்பதையும் அவர் பிரித்து வைத்தார். கட்டளைப் பகுதி எல்லா இயங்குதளத்துக்கும் ஒன்றே. அனுப்பும் பகுதி மட்டும் ஒவ்வொன்றுக்கும் தனி, சிறியது. ஆகவே லினக்சில் மட்டுமன்றி ஓ.எஸ்-2, பிஓஎஸ், அமிகா போன்று, கைவிட்டு எண்ணத்தக்க ஆர்வலர்கள் மட்டும் வைத்திருந்த இயங்குதளங்களிலும் அதே நிரல் தகடு எழுதியது. பிஓஎஸ் செய்த நிறுவனம் 2001-இல் மூடப்பட்டபோது, அதன் அன்பர்கள் அதை முதலிலிருந்து மீண்டும் எழுதத் தொடங்கினர். ஹைக்கூ என்று பெயரிடப்பட்ட அந்த இயங்குதளத்தின் ஐந்தாவது பீட்டா பதிப்பு 2024 செப்டம்பரில் வெளிவந்தது. அதில் தகடு எழுதும் பொத்தானை அழுத்தினால், திரைக்குப் பின்னால் ஓடுவது ஷில்லிங்கின் நிரலே.

மனிதர் சற்றுப் பிடிவாதக்காரர். கருவியை அதன் பெயரால் குறிக்கலாமே என்று லினக்ஸ்காரர்கள் கேட்க, 0,4,0 என்பதுபோல் மூன்று எண்களால்தான் குறிக்க வேண்டும் என்று அவர் நின்றார். பிறகு உரிம விதிகளைப் பற்றி மனத்தாங்கல் முற்றி, 2006-இல் டெபியன் குழுவினர் அவருடைய நிரலைப் பிரித்தெடுத்து வோடிம் என்ற பெயரில் தனியாக நடத்தத் தொடங்கினர். எண்கள் விஷயத்தில் நான் லினக்ஸ்காரர்கள் பக்கம். ஆனால் அடித்தளம் முழுதும் அவர் போட்டது என்பதை அவருடன் சண்டையிட்டவர்களும் மறுக்கவில்லை. 2021 அக்டோபரில் ஷில்லிங் காலமானார்.

தமிழ்ப் பெயர் தங்கியது எப்படி?

குறுந்தகட்டின் கோப்பு முறையான ஐ.எஸ்.ஓ. 9660, 1988-இல் வெளியானது. அதன் அடிப்படை நிலையில் கோப்பின் பெயர் எட்டு எழுத்து, ஒரு புள்ளி, மூன்று எழுத்து. அதுவும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் எண்களும் அடிக்கோடும் மட்டும். உடுக்கையை அதில் எழுத வழியில்லை. யூனிக்ஸ் உலகத்தார் இதன்மேல் ராக் ரிட்ஜ் என்ற விரிவை ஏற்றினர். ஒரு நகைச்சுவைத் திரைப்படத்தில் வரும் ஊரின் பெயர் அது. மைக்ரோசாப்ட் 1995-இல் ஜோலியட் என்ற விரிவைச் சேர்த்தது. ஜோலியட்டில் பெயருக்கு 64 யூனிகோடு குறிகள் வரை இடம் உண்டு. "உடுக்கை" நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் அது ஏழு குறி. எம்.கே.ஐ.எஸ்.ஓ.எப்.எஸ். இரண்டு விரிவையும் ஒரே தகட்டில் சேர்த்து எழுதியது. நாங்கள் துணிந்து கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்தோம். அன்று கடைகளில் பெரும்பாலான தமிழ் வேலை ஒன்றுக்கொன்று ஒவ்வாத எழுத்துருக்களில் நடந்துகொண்டிருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறந்தால் வெறும் கிறுக்கல்தான்.

சேரனில் வந்த லினக்ஸ்

தகடு எழுத லினக்ஸ் வேண்டும். லினக்ஸ் கோவைக்கு வந்ததும் தகட்டில்தான். காரணம் எளிய கணக்கு. 33.6 கிலோபிட் வேகத்தில் பேசும் தொலைபேசி மோடம் வழியாக 650 மெகாபைட்டை இறக்க, இணைப்பு ஒருமுறைகூட அறாமல் இருந்தாலும், 45 மணி நேரம் ஆகும். தொலைபேசிக் கட்டணத்தை எண்ணிப் பாருங்கள். நெகிழ்தட்டுகளில் கொண்டுவருவதானால் 450 தட்டுகளுக்கு மேல். அதே தகட்டை ஒருவர் பையில் போட்டுக்கொண்டு சென்னையில் சேரன் எக்ஸ்பிரசில் ஏறினால், இரவு எட்டு மணி நேரத்தில் கோவை வந்து சேரும். இதை வேகமாக மாற்றினால் வினாடிக்குச் சுமார் 190 கிலோபிட்; மோடத்தைப் போல ஐந்தரை மடங்கு! பையில் பத்துத் தகடு இருந்தால் மோடத்தை ஒப்பிடவே வேண்டாம்.

1990-களில் பி.சி.குவெஸ்ட் என்ற ஆங்கில இதழ் லினக்ஸ் தகட்டை இதழோடு இணைத்துக் கொடுத்தது. 2003-இல் தொடங்கிய லினக்ஸ் பார் யூ இதழும் அவ்வாறே. சென்னையில் லினக்ஸ் பயனர் குழுவினர் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ஐ.ஐ.டி. வளாகத்தில் கூடுவர். 2004-இல் தோன்றிய உபுண்டு இன்னும் ஒரு படி மேலே போயிற்று. முகவரி கொடுத்தால் உலகின் எந்த மூலைக்கும் அஞ்சலில் இலவசமாகத் தகடு அனுப்பினார்கள். 2011 ஏப்ரலில் அதை நிறுத்தும்வரை, வெளிநாட்டு அஞ்சல் என்றால் விடுதியில் அதுதான். 2005 ஏப்ரலில் மத்திய அரசின் தகவல் தொழில்நுட்பத் துறைக்காக சி-டாக் நிறுவனம் தமிழ் எழுத்துருக்களும் மென்பொருள்களும் அடங்கிய தகட்டை வெளியிட்டு, கேட்டவர்க்கெல்லாம் இலவசமாகக் கொடுத்ததும் இங்கு நினைக்கத்தக்கது.

வந்த தகடு ஒன்றே. வேண்டியவர் நூறு பேர். லினக்சைப் படியெடுத்துக் கொடுக்க உரிமமே இடம் தந்தது. ஆகவே தகட்டிலிருந்து ஏறிய லினக்ஸ், தன்னைத்தானே மறுபடி தகட்டில் எழுதிக்கொண்டு விடுதி விட்டு விடுதி போயிற்று. கள்ளப்படி என்ற குற்ற உணர்வு இல்லாமல் மென்பொருளைக் கைமாற்றியது எங்களில் பலருக்கு அதுவே முதல் முறை.

பிஸ்கட் டப்பாவுக்குத் திரும்புவோம்

சாயம் நிலையற்றது, வெயிலும் சூடும் ஈரமும் அதை மங்கச் செய்யும். அச்சிட்ட தகட்டுக்கு இந்த நோய் இல்லை. சோளக் காட்டில் கிளி விரட்டக் கட்டிய தகட்டைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கோடையில் அதன் நிறம் என்ன ஆகிறது என்று கவனியுங்கள். இன்னொன்றும் உண்டு. எழுத்து அடங்கிய படலம் தகட்டின் கீழ்ப்புறத்தில் இருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். அது மேற்புறத்தில், நாம் பெயர் எழுதும் பக்கத்தில், மெல்லிய அரக்குப் பூச்சுக்கு நேர் கீழே இருக்கிறது. பேனா அழுத்துவது பாட்டின் தலைமேல்தான்.

பழைய கருவி ஒன்றைத் தேடிப் பிடித்து, டி.டி.ரெஸ்க்யூ என்ற நிரலைக் கொண்டு தகட்டைப் படிக்க விட்டேன். இது படிக்க முடிந்ததை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். தகட்டின் விளிம்பு ஓரமாகப் படலம் உதிர்ந்திருந்தது. ஆனால் எழுத்து உள்ளிருந்து வெளியே போகிறது அல்லவா? எங்கள் பாட்டு 400 மெகாபைட்தான், 48 மி.மீ. ஆரத்தோடு முடிந்துவிட்டது. உதிர்ந்த இடத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

பதினான்கு கோப்புகளில் பதின்மூன்று முழுமையாக வந்தன. எட்டாவது கோப்பில் மட்டும் 88 துண்டுகள் போயின. குறுந்தகட்டின் பிழைதிருத்த முறை, பாதையில் இரண்டரை மி.மீ. நீளம் வரை அழிந்தாலும் கணக்கிட்டு மீட்டுவிடும். பாதைக்குக் குறுக்கே போகும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவே அழிப்பதால் பெரும்பாலும் தீங்கில்லை. பாதையோடு ஒட்டிப் போகும் கீறலே ஆபத்து. பெயருக்குக் கீழே நான் அழகுக்காக இழுத்த கோடு, 40 மி.மீ. ஆரத்தருகே சுருளுக்குத் தொடுகோடாக அமைந்திருந்தது.

தகட்டில் ஒரு துண்டின் நீளம் 16 மி.மீ. அந்த ஆரத்தில் ஒரு சுற்றுக்குப் பதினாறு துண்டுகள். ஒவ்வொரு துண்டும் பாட்டில் எட்டில் ஒரு வினாடி. கோடு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துண்டைத் தின்றிருந்தது. அதனால் எட்டாவது கோப்பில் சுமார் மூன்று நிமிடம், சரியாக இரண்டு வினாடிக்கு ஒரு முறை உடுக்கை திக்குகிறது. முகாமுக்கு அன்று கூட வந்த நண்பர் இப்போது தாராபுரத்தில் ஆசிரியராக இருக்கிறார். அனுப்பி வைத்தேன். கேட்டுவிட்டு, அந்த மூன்று நிமிடத்துச் சொற்களை எழுதி எடுத்துவிட்டதாகவும், நான்கு இடங்கள் மட்டும் விளங்கவில்லை என்றும், அந்த ஊருக்கே போய்க் கேட்டு வருவதாகவும் சொல்லியிருக்கிறார்.